‘இது கூட்டலா, கழித்தலா?’ என்று கேட்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு

பெரியபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் நாலாம் வகுப்பு. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் தனித்தனியாகக் கொடுத்தால் சரியாகப் போடுகிறாள். மளிகைக் கடைக்கு அனுப்பினால் ஒரு ரூபாய் பிசகாமல் சில்லறை வாங்கி வருகிறாள். ஆனால் பரீட்சையில் வாக்கியக் கணக்கு வந்துவிட்டால் பென்சிலைக் கடித்துக்கொண்டு, “இது கூட்டலாம்மா, கழித்தலாம்மா?” என்கிறாள். போன வாரம் வந்த கணக்கு இது: ‘கயல் 200 ரூபாயுடன் கடைக்குச் சென்றாள். கிலோ ரூபாய் 60 வீதம் 2 கிலோ அரிசியும், ரூபாய் 35-க்கு எண்ணெயும் வாங்கினாள். மீதித் தொகையில் ரூபாய் 10 விலையுள்ள குறிப்பேடுகள் எத்தனை வாங்கலாம்?’ மகள் எழுதிய விடை 307. அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் சரியாகுமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

கடைசி வரி அபாகஸ் பற்றியது. ஆனால் அம்மா, நீங்கள் உண்மையில் கேட்பது, கடையில் அத்தனை சூட்டிகையாக இருக்கிற பிள்ளைக்கு நோட்டைத் திறந்ததும் அந்தப் புத்தி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதைத்தான். நான் தொண்டிக்கும் மண்டபத்துக்கும் நடுவே மூன்று ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் 27 வருடம் பாடம் எடுத்தவள். வகுப்பில் பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் பனைத்தொழில் வீட்டிலிருந்தும், அப்பா வளைகுடாவில் இருக்கிற வீட்டிலிருந்தும் வந்தவர்கள். உங்கள் மகளைப் போன்ற பிள்ளை ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேராவது என் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த 307-ஐக் கொஞ்சம் மரியாதையாகவே பார்க்கலாம். 200, 60, 2, 35, 10 என்று ஐந்து எண்களையும் தப்பில்லாமல் கூட்டியிருக்கிறாள். கூட்டலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 60 ரூபாயையும் 2 கிலோவையும் ஒன்றாகப் போட்டதில்தான் கோளாறு. ரூபாயையும் கிலோவையும் கூட்டினால் என்ன வரும் என்று யாராவது கேட்டிருந்தால் அவளே சிரித்திருப்பாள். கதை அவள் மனதுக்குள் போகவே இல்லை. கண்ணில் பட்ட எண்களைப் பொறுக்கிக்கொண்டு, இவற்றை என்ன செய்யட்டும் என்று உங்களிடம் வந்து நிற்கிறாள்.

இது அவளுக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை. 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள்: ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?’ 97 பேரில் 76 பேர் எண்களைச் சேர்த்து ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாளே நம்மூருக்கு மாற்றி என் வகுப்பில் கேட்டேன்: ஒரு வல்லத்தில் 26 கூடை நண்டு, 10 கூடை கணவாய், சம்மாட்டிக்கு (படகு முதலாளிக்கு) என்ன வயசு? முக்கால்வாசிப் பேர் 36 என்று எழுதினார்கள். ஒரே ஒரு பையன் எழுந்து, “எந்தச் சம்மாட்டி டீச்சர்?” என்று கேட்டான். அவன் கணக்கில் எப்போதும் குறைந்த மதிப்பெண் எடுப்பவன்.

கடையில் கணக்கு வருகிறது, நோட்டில் வரவில்லை என்று நீங்கள் சொன்னதும் நன்றாக அறியப்பட்ட ஒன்றுதான். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை மூன்று ஆய்வாளர்கள் கவனித்து 1985-இல் எழுதினார்கள். வாடிக்கையாளர் போல நின்று கேட்ட கணக்குகளில் 98.2 சதவீதம் சரியான பதில். அதே வகைக் கணக்குகளைப் பிறகு தாளில் வாக்கியமாகக் கொடுத்தபோது 73.7. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 36.8. ஐந்தே பிள்ளைகள் என்பதால் சதவீதங்களைக் கல்லில் வெட்டிவைக்க வேண்டியதில்லை, ஆனாலும் இறங்குகிற திசை தெளிவாகத் தெரிகிறது. அதில் 12 வயதுப் பையன் ஒருவனிடம் ஒரு காய் 35 என்றால் பத்துக் காய் எவ்வளவு என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து 350 என்று அவன் சொல்லவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் மூன்று சேர்த்தால் 315, இன்னும் ஒன்று, 350 என்று போனான். மூன்று மூன்றாக விற்றுப் பழகிய கை. நம் ஊரில் மீனைக் கூறு வைத்து விற்கிற அம்மாக்கள் பக்கத்தில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள், இதே கணக்குதான் ஓடும்.

இனி நான் வெட்கத்தோடு ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் எட்டு வருடம் என் வகுப்புச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி, ‘அதிகம்’ என்றால் கூட்டு, ‘பங்கு’ என்றால் வகு. இன்றும் பல வகுப்புகளில் இது தொங்குகிறது, டியூஷனில் மனப்பாடமே செய்ய வைக்கிறார்கள். சுலபமான கணக்குக்கு இது வேலை செய்யும், அதனால்தான் ஆபத்து. இதைப் பாருங்கள்: ‘குண்டு மிளகாய் கால் கிலோ 90 ரூபாய். இது சம்பா மிளகாயைவிட 20 ரூபாய் அதிகம். சம்பா மிளகாய் என்ன விலை?’ அட்டையை நம்பிய பிள்ளை 110 என்று எழுதும். விடை 70. இன்னொன்று: ‘85 ரூபாய் செலவழித்த பிறகு கண்ணனிடம் மீதி 65 ரூபாய் இருந்தது. அவன் எவ்வளவு கொண்டுபோனான்?’ ‘மீதி’ என்று கண்ணில் பட்டதும் 85-இலிருந்து 65-ஐக் கழித்து 20 என்பார்கள். விடை 150. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடும் வழி நம்பத்தகாதது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. உங்கள் வீட்டுச் சுவரிலோ டியூஷன் நோட்டிலோ அப்படி ஓர் அட்டை இருந்தால் முதலில் அதைக் கிழித்துவிடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி உண்டு. அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை என்பது என் வருத்தம். பிள்ளை தடுக்கி விழுவது பாதி நேரம் கணக்கில் இருக்காது, கணக்கு எழுதியிருக்கும் தமிழில் இருக்கும். ‘கிலோ ரூபாய் 60 வீதம்’ என்கிறது புத்தகம். எந்தக் கடையிலாவது, எந்த வீட்டிலாவது ‘வீதம்’ என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? “கிலோ அறுவது, ரெண்டு கிலோ போடு” என்றுதான் அவள் காதில் விழுந்திருக்கிறது. என் வகுப்பில் ஒரு தடவை ‘வீதம்’ என்றால் என்னவென்று கேட்டேன். “கீழ வீதி, மேல வீதி மாதிரி” என்றாள் ஒருத்தி. ‘தலா’ என்பதை ‘தலை’யில் எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திக் கொண்டுவந்தான் ஒரு பையன். ஒரு வகையில் அவன் சொன்னது நியாயம்தான். தலைக்கு இவ்வளவு என்றால் உடனே புரிந்துவிடுகிறது.

‘பாக்கி’ இன்னும் வேடிக்கை. நம் பக்கத்துக் கடையில் “பாக்கியைக் குடுங்க” என்றால் கடைக்காரர் தர வேண்டிய சில்லறை. “ஒங்க வீட்டுக் கணக்குல பாக்கி இருக்கு” என்றால் நாம் தர வேண்டிய கடன். ஒரே சொல், காசு போகிற திசை நேரெதிர். ‘பாக்கி எவ்வளவு?’ என்று நான் கரும்பலகையில் எழுதிய ஒரு நாள், ஒரு சிறுமி கேட்டாள்: “கடைக்காரரு தரணுமா டீச்சர், நாம தரணுமா?” அன்று நான் எழுதியிருந்த கணக்கே தவறு என்று அழித்துவிட்டேன். அதனால் உங்கள் மகளோடு உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தில் மட்டும் புழங்குகிற சொற்களுக்கு ஒரு சின்ன அகராதி போடுங்கள். வீதம், தலா, எஞ்சிய, செலுத்திய, குறிப்பேடு, மேலும் எவ்வளவு தேவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே வீட்டில் பேசுவதுபோல எழுதட்டும். பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வராது, ஒரு மாலை நேர வேலைதான்.

சரி, அந்த 200 ரூபாய்க் கணக்கையே எடுத்துக்கொண்டு நான் எப்படி உட்காருவேன் என்று சொல்கிறேன். முதலில் புத்தகத்தை மூடச் சொல்வேன். “என்ன கதை? எண்ணே வராமச் சொல்லு.” கயல் கடைக்குப் போனா, அரிசி வாங்குனா, எண்ணெய் வாங்குனா, மிச்சக் காசுக்கு நோட்டு வாங்குறா. இது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வரவில்லை என்றால் எண்ணுக்குப் போகக்கூடாது, இன்னொரு தடவை படிக்க வேண்டும். அடுத்து, “காசு யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போகுது?” கயல் கையிலிருந்து கடைக்காரர் கைக்கு. “கூட்டலா, கழித்தலா?” என்று அவள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ‘கழித்தல்’ என்று நீங்கள் சொல்லிவிட்டால் அவளுக்கு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது, அடுத்த கணக்குக்கும் உங்களிடமே வருவாள்.

பிறகு கணக்கைப் பின்னாலிருந்து பிடிப்போம். கடைசியில் கேட்டிருப்பது எத்தனை நோட்டு. அதைச் சொல்ல என்ன தெரிய வேண்டும்? கையில் மிச்சம் எவ்வளவு என்று. மிச்சம் தெரிய? மொத்தம் எவ்வளவு செலவு என்று. மொத்தச் செலவு தெரிய? அரிசிக்கு எவ்வளவு என்று. இந்த நடு மூன்று கேள்விகளும் புத்தகத்தில் அச்சாகவில்லை, பிள்ளைதான் கண்டுபிடித்தாக வேண்டும். மூன்றாம் வகுப்பு வரை ஒரே படியில் முடிகிற கணக்குகள், நாலாம் வகுப்பில் இப்படி உள்ளே ஒளிந்திருக்கிற கேள்விகள் சேர்ந்துகொள்கின்றன. நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இப்போது கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். ஒரு கட்டம் பத்து ரூபாய். 200 ரூபாய்க்கு இருபது கட்டம் நீளமாக ஒரு பட்டை வரையட்டும். அரிசி 60 இரண்டு தடவை, 120, பன்னிரண்டு கட்டத்துக்கு வண்ணம் அடிக்கட்டும். எண்ணெய் 35, மூன்றரைக் கட்டம். வண்ணம் படாமல் நிற்பது நாலரைக் கட்டம். ஒரு நோட்டு பத்து ரூபாய், அதாவது ஒரு கட்டம். நாலு நோட்டு வாங்கலாம், அரைக் கட்டம், 5 ரூபாய், கையில் நிற்கும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு 307 என்ற விடை எவ்வளவு அபத்தம் என்று சொல்லித்தர வேண்டாம், பட்டையே இருபது கட்டம்தானே. பிறகு எழுத்தில் 60 × 2 = 120, 120 + 35 = 155, 200 − 155 = 45, அதில் நாலு நோட்டு என்று எழுதட்டும். கடைசியில் 120 + 35 + 40 + 5 என்று கூட்டி 200 வருகிறதா என்று சரிபார்க்கட்டும். கடைக்காரர் கல்லாவுக்குப் போனதும் கயல் கையில் இருப்பதும் சேர்ந்தால் கொண்டுபோன காசு வந்தாக வேண்டும்.

200-இலிருந்து 155-ஐக் கழிக்கும்போது பூஜ்யத்துக்குக் கடன் வாங்கிக் கடன் வாங்கிப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கடைக்காரர் எப்படிச் சில்லறை தருகிறார் என்று உங்கள் மகளுக்குத் தெரியும். 155-இலிருந்து 160-க்கு ஐந்து, 160-இலிருந்து 200-க்கு நாற்பது, ஆக 45. இது முழுக்கச் சரியான வழி, குறுக்கு வழி என்று ஒதுக்கத் தேவையில்லை. சில ஆசிரியர்கள் ‘முறைப்படி போடவில்லை’ என்று சுழித்துவிடுவார்கள். அது எனக்குப் பிடிக்காத விஷயம், ஆனால் பரீட்சை என்று ஒன்று இருப்பதால் இரண்டும் தெரிந்திருக்கட்டும். கடைக்காரர் வழியில் விடையைக் கண்டுபிடித்து, பள்ளி முறையில் சரிபார்க்கட்டும்.

பட்ஜெட் கணக்குக்கென்றே உள்ள ஒரு பழக்கத்தையும் சொல்லித்தருவேன். கணக்குப் போடும் முன்னால் “காசு காணுமா, காணாதா?”, அதாவது போதுமா போதாதா, என்று ஊகிப்பது. கையில் 150. மூன்று பொருள் 48, 67, 32. எல்லாவற்றையும் மேலே இருக்கிற பத்துக்கு ஏற்றினால் 50, 70, 40, மொத்தம் 160. கீழே இறக்கினால் 40, 60, 30, மொத்தம் 130. ஏற்றிய கூட்டலே 150-க்குள் அடங்கியிருந்தால் நிச்சயம் காணும். இறக்கிய கூட்டலே 150-ஐத் தாண்டியிருந்தால் நிச்சயம் காணாது. இங்கே 150 நடுவில் மாட்டிக்கொண்டது, அதனால் துல்லியமாகப் போட்டே ஆக வேண்டும். போட்டால் 147, மூன்று ரூபாய் மிஞ்சும். ‘ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் ஏற்று, கீழே இருந்தால் இறக்கு’ என்று பள்ளியில் சொல்லித்தருகிற முழுமையாக்கல் மதிப்பீட்டுக்கு நல்லதுதான். ஆனால் காசு குறைந்து கடை வாசலில் நிற்கக்கூடாது என்ற நோக்கத்துக்கு ஏற்றிப் பார்ப்பதே பாதுகாப்பு. உங்கள் மகள் கடையில் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

மிச்சம் வருகிற வகுத்தலில் இன்னொரு பொறி இருக்கிறது. 45 ரூபாய்க்குப் பத்து ரூபாய்க் குறிப்பேடு எத்தனை என்றால் நாலு, மிச்சத்தை விட்டுவிடுகிறோம். நாலரைக் குறிப்பேடு எந்தக் கடையிலும் கிடைக்காது. இதையே திருப்பிப் போடுங்கள்: 200 ரூபாய்ப் பை வாங்க வாரம் 30 ரூபாய் சேர்த்தால் எத்தனை வாரம்? ஆறு வாரத்தில் 180 தான் வரும், அதனால் ஏழு வாரம். இரண்டிலும் வகுத்தல், இரண்டிலும் மிச்சம் வருகிறது, ஒன்றில் தள்ளிவிடுகிறோம், ஒன்றில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறோம். எப்போது எதைச் செய்வது என்பதற்கு விதி எழுதித் தர முடியாது. கதைக்குத் திரும்பிப்போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே விடை இல்லாத கணக்குகளையும் நடுநடுவே கொடுப்பேன், அதில் எனக்கே ஆசை அதிகம். ஓலைப்பெட்டி 30 ரூபாய், பனங்கிழங்குக் கட்டு 20 ரூபாய், கையில் 100, முழுவதும் செலவாக வேண்டும். பெட்டி இரண்டும் கட்டு இரண்டும் வாங்கலாம், அல்லது கட்டு மட்டும் ஐந்து வாங்கலாம், வேறு வழி இல்லை. ‘பெட்டியே வாங்காமல் இருக்கலாமா?’ என்று வகுப்பு இரண்டு கட்சியாகிச் சண்டை போடும், அந்தச் சண்டை முடியும்வரை நான் வாயே திறப்பதில்லை. எது லாபம் என்ற கணக்கும் அப்படித்தான். தேங்காயெண்ணெய் சின்னப் பாட்டில் கால் லிட்டர் 62, பெரிய பாட்டில் அரை லிட்டர் 118 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சின்னது 124 ஆகும், பெரியதில் ஆறு ரூபாய் லாபம் என்று புத்தகம் நிறுத்திக்கொள்ளும். “கையில நூறுதான இருக்கு டீச்சர்?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

எங்கள் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் எங்கள் பக்கத்து வீடுகளில் பட்ஜெட் என்ற சொல் இல்லாமலே பட்ஜெட் நடக்கும். ஒருமுறை ஐந்தாம் வகுப்புக்கு இப்படி எழுதினேன்: வீட்டில் 9,150 ரூபாய் இருக்கிறது, 61 நாளும் ஓட்ட நாளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? 150. நாளுக்கு 200 செலவழித்தால் எத்தனை நாள் தாங்கும்? 45 நாள், கையில் 150 நிற்கும். மிச்சம் 16 நாளுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒருவன், “அப்பா நாட்டுப்படகுல போவாரு டீச்சர்” என்றான். அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

இதுவரை சொன்னதில் என் உறுதி எல்லாவற்றிலும் ஒரே அளவு இல்லை. சொல்லைப் பிடித்துக் கணக்குப் போடுவது கெடுதல், கதையைச் சொல்ல வைப்பது பயன் தரும், எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக்குவது பயன் தரும் – இவற்றில் சந்தேகமே இல்லை. பட்டை வரைவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு உதவியது, எல்லோருக்கும் இல்லை. சிலருக்கு அது இன்னொரு வீட்டுப்பாடமாகி, கட்டத்துக்கு அழகாக வண்ணம் அடிப்பதிலேயே நேரம் போய்விட்டது. அப்படிப்பட்டவர்களுக்குக் காகிதத்தில் ரூபாய் நோட்டு வெட்டிக் கொடுத்தேன்.

கடைக்கு அடிக்கடி அனுப்பினால் தானாக வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் சொன்னேன். இப்போது சொல்ல மாட்டேன். கொல்கத்தா, டில்லி சந்தைகளில் வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றி பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025-இல் வெளியானது. சந்தையில் சிக்கலான கணக்கை மனதிலேயே போடுகிற பிள்ளைகள் பள்ளிப் பாணிக் கணக்கில் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ பள்ளிக் கணக்கில் தேறினாலும் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இந்தப் பக்கத்து அறிவு அந்தப் பக்கம் தானாகப் போவதில்லை, நடுவில் யாராவது பாலம் போட வேண்டியிருக்கிறது.

அந்தப் பாலத்துக்கு நான் செய்வது ஒன்றுதான். கடைக்குப் போய்வந்த பிள்ளையை, அன்று நடந்ததையே ஒரு வாக்கியக் கணக்காக எழுதச் சொல்வேன், புத்தகத் தமிழில், ‘வீதம்’ எல்லாம் போட்டு. எழுதியதை அம்மாவுக்கோ தம்பிக்கோ கொடுத்து விடை கேட்க வேண்டும். கணக்கு எழுதுகிற பிள்ளைக்கு எந்த விவரத்தைச் சொல்ல வேண்டும், எதைக் கேள்வியாக ஒளிக்க வேண்டும் என்று யோசித்தே ஆக வேண்டியிருக்கிறது. இது நன்றாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம். என் வகுப்புகளைத் தவிர வேறு சாட்சி என்னிடம் இல்லை, அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

அபாகஸ் வேகமாகக் கூட்டவும் கழிக்கவும் பழக்கும். உங்கள் மகளுக்கு அதில் குறை இல்லையே. 307-ஐ அவள் இன்னும் வேகமாகக் கண்டுபிடிப்பாள், அவ்வளவுதான். மாதாமாதம் கட்டுகிற பணத்தை மிச்சம் பிடியுங்கள். ஆசைக்காக அனுப்பினால் அது வேறு.

ஒன்றை மட்டும் நீங்களே சோதித்துப் பாருங்கள். அவள் தடுமாறுகிற நாலைந்து கணக்குகளை நீங்கள் வாய்விட்டு, பேச்சுத் தமிழில் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். கேட்டவுடன் சரியாகச் சொல்லிவிட்டால் குறை கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. அப்போது தினமும் பத்து நிமிடம் கதைப் புத்தகம் வாசிப்பதுதான் மருந்து, கணக்கு டியூஷன் இல்லை. படித்துக் காட்டியும் தடுமாறினால் நான் மேலே சொன்னவற்றைச் செய்யுங்கள். அவற்றையும் இரண்டு மூன்று மாதம் பொறுமையாகச் செய்தும், 155 பெரிதா 200 பெரிதா என்பதிலோ, சின்னச் சின்னக் கூட்டலிலோ கூட அவள் திண்டாடுவது தெரிந்தால், வகுப்பாசிரியரிடம் சொல்லி வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அது கற்றல் குறைபாடா என்று கண்டறிவது அவர்கள் பயின்ற வேலை, என்னுடையது இல்லை. சில்லறையைச் சரியாக வாங்கி வருகிற பிள்ளைக்கு அப்படி இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிள்ளையை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது முறையில்லை.

நாளைக்கு இரவு சாப்பாடு முடிந்ததும் இதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ‘செல்வி 150 ரூபாயுடன் மீன் வாங்கப் போனாள். ஒரு கூறு மத்தி 40 ரூபாய்.’ அவ்வளவுதான், கேள்வி எழுதாதீர்கள். “கேள்வி எங்கம்மா?” என்று கேட்பாள். “நீயே கேளு” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுங்கள். அவள் என்ன கேட்டாள் என்பதை இங்கே வந்து எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.